என்னை பிளாக் செய்த தங்கைக்காக ஒரு ஜெபம்

ஆண்டவரில் பிரியமானவர்களே, கூடப் பிறந்த தங்கையே என்னை பிளாக் செய்த வேதனையில் கடந்த தவக்காலம் முழுவதும் அழுதேன். என் பெயர் ஸ்டெல்லா. கம்பைநல்லூர் பக்கம் எங்களுக்கு விவசாயம்.

தங்கை ரோஸியின் வளைகாப்புப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஓரமாக நின்ற அவள் மாமியாரின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. நான் வேண்டுமென்றே வெட்டிவிட்டேன் என்று அந்த வீட்டில் பேச்சு. வெட்டியது போன், நானா வெட்டினேன்? ரோஸியும் அவள் கணவர் சேவியரும் என்னை பிளாக் செய்தார்கள். போன் செய்தாலும் போகவில்லை. எனக்கோ ரோஷம் அதிகம். "ஆண்டவரே, அவளாக வந்து பேச வேண்டும்" என்றுதான் தினமும் ஜெபித்தேன்.

பெரிய வியாழன் காலை எங்கள் கோயிலின் அன்பிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம். பெண்ணின் பெயர் இல்லை. கீழே சேவியரின் நம்பர் இருந்தது. எனக்கும் ஓ நெகட்டிவ்தான். ரோஸிதான் என்று புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போனில் சேவியரைக் கூப்பிட்டோம். பிஸி. திரும்பவும் பிஸி. பஸ் ஏறிவிட்டேன்.

ஜெபமாலையைப் பிடித்தும் வாயில் மந்திரம் வரவில்லை. "அவள் என்னோடு பேசவே வேண்டாம் ஆண்டவரே. உயிரோடு இருந்தால் போதும்." இதையேதான் வழியெல்லாம் சொன்னேன்.

ரத்த வங்கி வாசலில் ரோஸியின் மாமியார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீ எங்கம்மா இங்க?"

"எனக்கும் அதே ரத்தந்தானுங்க அத்தை."

அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்கு எப்போதுமே ரத்தம் குறைவு. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் பதில் சொல்லும்வரை எனக்கு மூச்சே இல்லை. "இருக்குதுக்கா, படுங்க" என்றார். இயேசுவே, நன்றி என்று வாய்விட்டு அழுதேன்.

ரோஸி பிழைத்தாள். குழந்தையும் நலம். கண் விழித்துப் பேச முடிந்ததும் அவள் சொன்னாள்: "வலி வந்தப்பவே உனக்குப் போன் பண்ண எடுத்தன்க்கா. நீ திட்டுவியோன்னு வெச்சிட்டன்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது.

அன்பானவர்களே, அன்று முதல் என் ஜெபம் மாறிவிட்டது. யாருடைய பெயரைச் சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லையோ, இன்று அந்தப் பெயரைச் சொல்லி அவர்கள் நன்றாக இருக்கக் கேளுங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். எனக்குப் பார்த்துக்கொண்டார்.