எதிர்ப்பல் இல்லாத இடம்

எங்கள் பல் லேப்பில் அவனுக்கு அரைமில்லி என்று பெயர். வைத்தது நான்தான். பல் செட்டுக்கு மெழுகில் பற்களை அடுக்குவது அவன் வேலை. பதினோரு வருடமாக ஜன்னலோர மேசை. அடுக்கி முடித்த வரிசையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். மற்ற எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு, "அரை மில்லி உள்ள போகணும்" என்பான். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த மெழுகை அப்படியே அடுப்பில் போட்டுவிடலாம் போலிருக்கும். கடைசியில் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். அது அதைவிட எரிச்சல்.

என் வேலை அதற்கு அடுத்தது. அவன் மெழுகில் செய்ததை இரும்பு டப்பாவில் பிளாஸ்டருக்குள் புதைப்பேன். கொதிநீரில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் இளஞ்சிவப்பு மாவை அழுத்தி வேகவைத்து, எடுத்துப் பாலிஷ் போடுவேன். மெழுகாக உள்ளே போனது ஈறாக வெளியே வரும். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு நீலத் தட்டு உண்டு. மதியம் மூன்று மணிக்கு அதில் என்ன இருந்தாலும் என் டப்பாவுக்குள் போய்விடும். யாரும் யாரையும் கேட்கிற வழக்கம் இல்லை.

அவனுக்கென்று தனியாக இரண்டு சட்டம். எதிர்ப்பல் இல்லாத இடத்தில் பல் வைக்க மாட்டான். மேலே பல் இல்லையென்றால் கீழே இருப்பது எதைக் கடிக்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற பல்லுக்கு வாயில் என்ன வேலை என்று டாக்டர்களிடமே மல்லுக்கு நிற்பான். இன்னொன்று, அவன் கேட்கிற கேள்வி. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி. செட் வாங்கியவர்களைச் சரிபார்க்க மேலே அனுப்புவார்கள். வலிக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். இவன் கேட்பது, "மறந்தீங்களா?" போட்டிருப்பதே மறந்துபோச்சு என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் வரை விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பான். அந்த விசிலுக்கு ராகமும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

போன வருடம் ஒரு மாதம் லீவு போட்டான். குடலிறக்கம், ஆபரேஷன் என்றான். திரும்பி வந்தபோது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். நம்பினோம். வந்தபின் விசில் இல்லை. அதையும் நான் வலி என்றுதான் நினைத்தேன்.

நாலு மாதம் கழிந்து ஒரு வியாழக்கிழமை. மூன்று மணிக்கு நீலத் தட்டில் இரண்டு செட்டோடு ஒரு மெழுகு முட்டை கிடந்தது. அண்ணத்தில் ஓட்டை உள்ளவர்களுக்கு, அந்த ஓட்டையை அடைக்கச் செட்டின் முதுகில் குமிழ் ஒன்று ஒட்டிக் கொடுப்போம். சில சமயம் குமிழைத் தனியாகச் செய்து பிறகு ஒட்டுவோம். அந்த மாதிரி ஆர்டர் என்று நினைத்தேன். யாரோ பாவம், இவ்வளவு பெரிய ஓட்டை, எப்படித்தான் தண்ணீர் குடிக்கிறாரோ என்று மனசு கஷ்டப்பட்டது. தடிமனான பொருள், வேகமாகக் கொதிக்கவிட்டால் உள்ளே காற்றுக்குமிழ் விழும். அதனால் மெதுவாக வேகவைத்து, மறுநாள் காலையில் பொறுமையாகப் பாலிஷ் போட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

முதலாளியும் டெலிவரிக்காரரும் நிற்கும்போதே தூக்கிக் காட்டினேன். "இந்தக் குமிழ் யாருக்குப்பா? ஆர்டர் சீட்டே இல்ல. இன்னிக்கு நான் செஞ்சதுலயே இதான் நல்ல வேலை."

அரைமில்லி திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் உழைப்பு, ஒரு வார்த்தை கிடையாதா என்று பின்னாலேயே போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தம்பி, அளவு தப்பா?"

"அளவு சரிதான்க்கா. அது ஆர்டர் இல்ல. டாக்டர் ஃபோன் வந்துச்சு, தட்டுல வெச்சுட்டு எழுந்துட்டேன்."

"அப்ப யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கு எதுக்கு? உன் அண்ணம் நல்லாத்தானே இருக்கு?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அதை அவன் விழுங்கிவிட்டான். பிறகு சொன்னான். குளிக்கும்போது ஒரு பக்க விதையில் பட்டாணி அளவுக் கட்டி தட்டுப்பட்டது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது வாரம் பெண்டாட்டியிடம் சொன்னான், மறுநாளே ஸ்கேன். புற்றுநோய். அந்த வாரமே அடிவயிற்று வழியாக அந்த விதையை எடுத்துவிட்டார்கள். இப்போது ரத்தமும் சுத்தம், ஸ்கேனும் சுத்தம். ஆபரேஷன் சமயத்திலேயே டாக்டர், காலி இடத்தில் செயற்கையாக ஒன்று வைத்துவிடவா என்று கேட்டாராம். மொதல்ல எடுங்க, மத்தது அப்புறம் என்று இவன் சொல்லியிருக்கிறான். அந்த அப்புறம் இப்போது வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"கைல வெச்சுப் பாத்தா முடிவு பண்ணிடலாம்னு நெனச்சேன். மிச்சம் இருக்கிறத வெர்னியர்ல அளந்து செஞ்சேன்" என்றான்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல் நாலு மாதம் மறைத்து வைத்திருந்ததை, நான் வெளிச்சத்தில் பாலிஷ் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறேன். வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவதுதான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருக்க மாட்டியா? அது என்ன வேலை செய்யப் போகுது? எதிர்ப்பல் இல்லாத எடத்துல பல்லு வெக்க மாட்டேன்னு நீதானே ஊரெல்லாம் சண்டை போட்ட? உன் சட்டப்படியே பாரு. வேணாம்."

"நானும் அப்படித்தான்க்கா நெனைக்கிறேன்" என்றான். ஆனால் அந்த முட்டையை அவன் தூக்கிப் போடவில்லை. அன்றிலிருந்து அது அவன் பாக்கெட்டிலேயே இருந்தது. உட்காரும்போது இடுக்கில் மாட்டும். எடுத்து மறுபக்கப் பாக்கெட்டில் போடுவான்.

அன்று சாயங்காலம் அவன் பெண்டாட்டி கூட்டிப்போக வந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த ஸ்கூல் காரில்தான் வருவாள், கூரைமேல் போர்டோடு. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுப்பவளின் புருஷன் என்றாலும், அரைமில்லிக்கு இன்னும் லைசென்ஸ் கிடையாது. அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் தன் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, நான் பின்சீட்டில். என் வீடும் அந்த வழிதான்.

"அக்காவுக்குத் தெரியும்" என்று அவன் ஆரம்பித்தான்.

"நல்லது. எங்க அண்ணனுக்கும் தெரியும். நேத்து வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனாரு" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "வெச்சுடுங்க மாப்ள, யாருக்கும் தெரியாது, ஆம்பளைக்கு ஒரு இது வேணாமான்னாரு. எது அண்ணேன்னு கேட்டேன். எழுந்து போயிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சிக்னலுக்கு முன்னால் மெதுவாக்கிக்கொண்டே கேட்டான். "உனக்கு எப்படி வேணும்னு நீ சொல்லவே மாட்டேங்கிற."

அவள் தன் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது, நான் முன்சீட்டில் முட்டிக்கொண்டேன்.

"இங்க பாருங்க. எனக்காக வெக்கிறீங்கன்னா வேணாம். எனக்கு நீங்க உசுரோட வந்தது போதும். எங்க அண்ணனுக்காகன்னா கண்டிப்பா வேணாம். உங்களுக்காகன்னா சொல்லுங்க, நாளைக்கே வண்டிய எடுக்கிறேன். ஆனா எனக்கு எப்படி வேணும்னு கேக்காதீங்க. மூணு வாரம் கட்டிய மறைச்சு வெச்சீங்களே, அப்ப கேட்டீங்களா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுத்தான். அந்த மூன்று வாரத்தை அவள் மன்னிக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மேலே ஏறி வந்தார். கீழ்வரிசைக் கோடியில் ஒரு பல் வேண்டும் என்று இரண்டு முறை வந்து, எதிர்ப்பல் இல்லை என்று அரைமில்லி திருப்பியனுப்பிய ஆள். மூன்றாவது முறை. தன் செட்டைக் கழற்றி அவன் மேசையில் டக்கென்று வைத்தார்.

"தம்பி, கடிக்கிறதுக்கு ஆகாதுன்னு நீங்க சொன்னது புரிஞ்சுது. நான் கடிக்கிறதுக்குக் கேக்கல. என் நாக்கு அங்கயே போயி நிக்குது. டிக்கெட் குடுக்கிறப்ப போகுது, புள்ளைங்ககிட்ட பேசுறப்ப போகுது. அங்க ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்லன்னு நாள் முழுக்க எனக்கு ஞாபகப்படுத்துது. எனக்கு அது மறக்கணும். அவ்வளவுதான். வெப்பீங்களா, இல்ல வேற லேப்புக்குப் போகட்டுமா?"

அவன் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்காக நான் காத்திருந்தேன். அவன் வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்தக் கையை வெளியே எடுத்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. கலர் பாக்கணும்" என்றான்.

ஒற்றைப் பல்லுக்கு அரை நாள் எடுத்துக்கொண்டான். மூன்று மணிக்கு அது நீலத் தட்டில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன ஆச்சு உன் சட்டம்?"

"சட்டம் தப்புக்கா. எதிர்ப்பல் இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன். நாக்கு ஒண்ணு இருக்குங்கிறத மறந்துட்டேன்."

எங்கே வருகிறான் என்று தெரிந்துவிட்டது. மறுபடி கத்தி, மறுபடி மயக்க மருந்து, சீழ் பிடித்தால் என்ன செய்வாய் என்று அடுக்கினேன். பயம்தான். அவன் போய்விடுவானோ என்று நாலு மாதம் நான் பயப்பட வேண்டியிருந்த பயத்தை, யாரும் சொல்லாததால், மொத்தமாக அந்த வாரத்தில் பட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் டாக்டர் சொன்னாரு. சீழ் பிடிச்சா எடுத்துடணும். தொட்டா நெஜத்தவிட கொஞ்சம் கெட்டியா இருக்கும். ஒரு வேலையும் செய்யாது. எல்லாம் தெரியும்க்கா" என்றான். குரல் உயரவே இல்லை. "ஆனா குளிக்கிறப்ப, துணி மாத்துறப்ப, சும்மா நிக்கிறப்ப கை அங்க போகுது. போயி, இல்லன்னு தெரிஞ்சுகிட்டு, அடுத்த பக்கம் கட்டி இருக்கான்னு தேடுது. மாசத்துக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லியிருக்காங்க, பாக்கத்தான் போறேன். ஒரு நாளைக்குப் பத்து தடவ முடியலக்கா. வெக்கப் போறேன். யாரும் பாக்கிறதுக்காக இல்ல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு டப்பாவைத் திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் லீவு கேட்கப் போனான். கதவு திறந்தே இருந்தது, டெலிவரிக்காரர் உள்பட எல்லோரும் இருந்தோம்.

"மறுபடியும் குடலிறக்கமா?" என்றார் முதலாளி.

நான் அவனுக்காக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவன் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"அது குடலிறக்கம் இல்ல சார். நான் பொய் சொன்னேன். புத்துநோய். ஒரு விதைய எடுத்துட்டாங்க. இப்ப உடம்பு சுத்தமா இருக்கு. அந்த எடத்துல செயற்கையா ஒண்ணு வெச்சுக்கப் போறேன். அதுக்கு ரெண்டு வாரம் வேணும்."

டெலிவரிக்காரர் கையில் டீ அப்படியே நின்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"மூணு வாரம் எடுத்துக்கப்பா" என்றார்.

புதன்கிழமை நடந்ததை அவன் பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். டாக்டர் மேசையில் இவன் என் பளபளப்பான இளஞ்சிவப்பு முட்டையை வைத்தானாம். டாக்டர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, தன் பெட்டியைத் திறந்தாராம். அங்கே இருந்தது மூன்று அளவுதான். சின்னது, நடுத்தரம், பெரியது. இவன் பாக்கெட்டிலிருந்து வெர்னியரை எடுத்து மூன்றையும் அளந்து, "நடுத்தரம். அரை மில்லி பெருசு, பரவால்ல" என்று சொல்லியிருக்கிறான். பதினோரு வருடத்தில் பரவாயில்லை என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பேரும் கார் ஓட்ட முடியாத அளவுக்குச் சிரித்ததாக அவள் சொன்னாள். கொஞ்சம் அழுததாகவும் சொன்னாள்.

மூன்று வாரம் முடிந்து ஒரு காலையில் வந்தான். படி ஏறும்போது அடிவயிற்றில் கை வைத்திருந்தான், ஆனால் நேராக ஏறினான். எல்லோரும் உடம்பு எப்படி என்றார்கள், வலி இருக்கிறதா என்றார்கள். நல்லாயிருக்கு, கொஞ்சம் இருக்கு என்று எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்து, தன் மேசையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டான். நான் காத்திருந்துவிட்டுக் கிட்டே போனேன்.

"மறந்தியா?" என்று கேட்டேன்.

மெழுகுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எதையோ அளப்பதுபோல் யோசித்தான்.

"இன்னிக்குக் காலைல. பல்லு தேய்க்கிறப்ப. ஒரு பத்து நிமிஷம் இருக்கும்க்கா."

நான் என் இடத்துக்கு வந்து, கையில் ஒன்றுமே இல்லாமல் பாலிஷ் மெஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் விசில் கேட்டது.