பிஸ்டன் வளையங்கள்

இறக்குமதி நின்றுபோன காலம் அது. வாப்பாவின் பழைய காருக்குக் கம்பெனி பிஸ்டன் வளையங்கள் கிடைக்காமல், மாத்தளைக் கடையொன்றில் வேறு தயாரிப்பு வாங்கினோம். எனக்கு மூத்தவரான நானா ஒவ்வொரு வளையத்தையும் சிலிண்டருக்குள் வைத்து, முனைகளின் இடைவெளியை அளந்தார்.

"நெருக்கமா இருக்கு. சூடானா இறுகிரும்," என்று அரத்தால் ராவினார்.

"எப்ப மகன் நாவுலக்குப் போறது?" என்றார் நோயாளியான உம்மா. அங்கிருந்த தன் தங்கையை, எங்கள் சாச்சியை, பார்க்க அவருக்கு ஆசை.

"அளவு சரியானதும் போவோம், உம்மா."

வியாழன் மாலை இன்ஜின் சீராக ஓடியது. உம்மா பயணத்துக்குச் சேலை எடுத்துவைத்தார். மறுநாள் விடியலில், சுபஹுத் தொழுகைக்கு முன், மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார்.

சாச்சியை அழைத்துவர அந்தக் காரிலேயே போனோம். சத்தம் கேட்டுச் சிரித்தபடி ஓடிவந்த சாச்சி, தன் அக்காவைத் தேடிப் பின்கதவைத் திறந்தார்.

"ராத்தா எங்க?"

நானா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் இறங்கிச் சொன்னேன்.