நான்காவது அலசல்

முழங்கையின் உட்புறத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. பிறகு, பொடித்த ஓட்ஸை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து வாளிக்குள் விட்டுப் பிசைகிறார். தண்ணீர் வெளுத்து, விரல்களுக்கு வழவழப்பாகப் படும்வரை பிசைகிறார். அதன் பிறகுதான் பூனையைத் தூக்குவது.

"வாங்க சார். இன்னிக்கு ஒரே உருப்படிதான், அது நீங்கதான்."

பூனையிடம் பேசுகிற இவர் சலவைக்கடைக்காரர். நுரையண்ணன் என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் எதிரே நிற்பவரின் சட்டைக் கறைக்குப் போய்விடும். "இது டீ இல்லீங்க, மருந்து. வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கறை எது என்று பார்ப்பதற்கு முன்னால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும் என்பது அவர் தானாகக் கற்றுக்கொண்ட பாடம்.

பூனையின் பெயர் பொத்தான். உதிர்ந்த பொத்தான்களைப் போட்டுவைக்கும் தகர டப்பாவில் குட்டியாகச் சுருண்டு கிடந்ததை எடுத்து அப்படிப் பெயர் வைத்தவர் அவர் மனைவி. கடைக்குப் பின்னாலுள்ள அறையில் அந்த அம்மாள் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் அசையாது. இடக்கையும் லேசாகத்தான் அசையும். ஆனால் பொத்தான் விலாவை ஒட்டிப் படுத்துவிட்டால் அந்தக் கை அதன் முதுகின் மேல் தானாக நகரும். நகரும்போது தொண்டையிலிருந்து "ம்… ம்…" என்று ஒரு சத்தம் வரும். "கதை சொல்றா. எனக்குப் புரியாது, அவனுக்குப் புரியும்" என்பார் நுரையண்ணன்.

நாலு மாதமாக அந்தச் சத்தம் இல்லை. பொத்தானுக்கு அரிப்பு. படுத்த அடுத்த நிமிடமே துள்ளி எழுந்து, மோவாயைச் சொறிந்து, வயிற்றை ரத்தம் வர நக்கிவிட்டு ஓடிவிடும். அந்த அம்மாளின் கை விரிப்பின் மேல் வெறுமனே தேடும். அதைப் பார்க்கமாட்டாமல் அவர் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து வெளியே போய்விடுவார்.

மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, சொறி புடிச்ச பூனைய அம்மா பக்கத்துல விடுறீங்களே, இது நியாயமா? ஞாயித்துக்கெழம வரேன். தெரிஞ்சவங்க தோட்ட வீட்ல விட்டுடலாம்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிடும்மா."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

கால்நடை மருத்துவர் விளக்குப் பிடித்துப் பார்த்தார், முடியைச் சோதித்தார். உண்ணி இல்லை, பூஞ்சை இல்லை. "ஏதோ ஒத்துக்கல. வீட்ல புதுசா எதையாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலயே டாக்டர். முன்னவிடச் சுத்தமாத்தான் வச்சிருக்கேன்."

ஓட்ஸ் தண்ணீர்க் குளியல் அந்த டாக்டர் சொன்னது. எலுமிச்சை, வாசனை எண்ணெய் என்று எதையும் தடவக்கூடாது, நக்கி விழுங்கிவிடும் என்பதும் அவர் சொன்னதே. மிச்சமெல்லாம் நுரையண்ணனின் கைவேலை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார், பட்டுத் துணிக்குச் செய்வதுபோல. புண்ணை நக்காமலிருக்க, சட்டைக் காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியில் ஒரு கழுத்துப்பட்டை தைத்துப் போட்டார், குளியலுக்கு மட்டும் கழற்றுவார். இரண்டு நாள் அரிப்பு அடங்கும். மூன்றாம் நாள் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை, குளியலுக்குப் பின் பொத்தானை மடியில் மல்லாத்திப் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று கை நின்றது. மோவாய், அடிவயிறு, தொடையின் உட்பக்கம். அங்கேதான் முடி கொட்டியிருக்கிறது. மனைவியின் கை படும் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. கறை எங்கே என்று மற்றவர் சட்டையில் பார்த்த கண், வீட்டில் இத்தனை நாள் பார்க்கவில்லை. விரிப்பில் படும் இடமெல்லாம் புண்.

நாலு மாதத்துக்கு முன் மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "ரூம்ல ஒரு மாதிரி வாடை வருதுப்பா." அன்றைக்கே அவர் மனைவியின் விரிப்புகளுக்கு மட்டும் சோப்புத்தூளை இரட்டிப்பாக்கினார், வாசனைத் திரவத்தை மூடி மூடியாக ஊற்றினார். பலமுறை அலசினால் மணம் போய்விடுமே என்று ஒரே அலசலோடு நிறுத்தினார். அலசாத சோப்பு துணியிலேயே தங்கிவிடும் என்று தெரிந்த தொழில்காரர் செய்த காரியம் அது.

விரிப்பை முகர்ந்தார். பிறகு எதையோ நினைத்தவராக மனைவியை மெல்ல ஒருக்களித்துத் திருப்பி, சட்டையை உயர்த்தினார். தோள்பட்டையில், இடுப்பெலும்பின் மேல் பொடிப்பொடியாகச் சிவப்பு. வேர்க்குரு என்று நினைத்து அவர் தினமும் பவுடர் போட்டுவந்த இடங்கள்.

சட்டையை மெல்ல இறக்கிவிட்டார். காலடியில் பொத்தான் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"நீயாவது சொறிஞ்சுக்கிட்டடா" என்றார். "அவளால அதுவும் முடியலயே."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்த பிறகு பூனையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அம்மாவை டாக்டரிடம் காட்ட வண்டி பிடித்தாள். புறப்படும்போது மட்டும் தயங்கியபடி, "மறுபடி வாடை வருமேப்பா" என்றாள்.

"வரட்டும். அவ வாடதான."

இப்போது அந்த வீட்டு விரிப்புகளுக்குக் கொஞ்சமே சோப்பு, நாலு அலசல். நான்காவது தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, நுரைக் குமிழ் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகே பிழிகிறார். பொத்தானின் வயிற்றில் மெல்லிய முடி மறுபடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் காய்ந்த விரிப்பை நேரே மனைவிக்குப் போடுவதில்லை. முதலில் கடைத் தரையில் விரிக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்று முதுகோடு அதன்மேல் மல்லாந்து படுக்கிறார். கால் மணி நேரம். மனைவியின் கையைப்போலவே வலக்கையை அசையாமல் பக்கத்தில் போட்டிருக்கிறார். மூக்கின் மேல் ஓர் ஈ வந்து உட்காருகிறது. இடக்கை பாதி எழுகிறது. பிறகு, மெதுவாக, விரிப்பின் மேலேயே இறங்கிவிடுகிறது.