ஆளுக்கொரு பைப்பு வைத்து மூடிய கிணறு

வாளி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கிணற்றுக்குள்ளிருந்து 'தொபுக்' என்று ஒரு சத்தம் வரும். மேலே ராட்டினம் கிறீச்சிட்டதும், செங்கல் பெயர்ந்த இடத்தில் முதுகு காயப் படுத்திருக்கும் எங்கள் ஆமை தண்ணீருக்குள் குதிக்கிற சத்தம் அது. நாளைக்கு இருபது முறை தண்ணீர் இறைத்தால் இருபது முறையும் குதிக்கும், நம்மிடம் பழகிக்கொள்ளலாம் என்ற எண்ணமே அதற்கு வந்ததில்லை. இப்படித் தொடங்கியதும் பழைய நாட்களை நினைத்து உருகப் போகிறேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு உருக்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கிணற்றை ஆமையோடு சேர்த்து மூடினார்கள். மூடியவர்கள் வேற்றார் இல்லை, என் அப்பாவும் பெரியப்பாவும்.

சாரம் என்கிற எங்கள் ஊரில் ஒரே மனையில் ஒட்டினாற்போல இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் பெரியப்பா குடும்பம். பின்னால் இருந்த இடம் இருவருக்கும் பொது. எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்புறத்தைத் 'தோட்டம்' என்போம், அங்கே துவைக்கிற கல்லும் விறகுக் குவியலும் மட்டும் இருந்தாலும் அது தோட்டம்தான். எங்களுடையதில் நிஜமாகவே ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும் நாலைந்து வாழையும் நடுவில் அந்தக் கிணறும் இருந்தன. அண்ணன் தம்பி இருவருக்கும் மில்லில் வேலை. ஆமையைக் கொண்டுவந்தது அப்பா. ஊசுட்டேரி வாய்க்காலில் தூர் வாரிய இடத்தில் சேற்றோடு கிடந்ததை ஒயர் கூடையில் போட்டு எடுத்துவந்து, புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கிணற்றில் விட்டிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. பெயர் வைத்தது பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் காலம் தள்ளுகிறவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். "வேளைக்குத் துன்னுட்டு வெயில்ல படுக்குது, இது சொல்தா இல்லாம வேற யாரு" என்று பெரியப்பா ஒருநாள் சொல்ல, அன்றிலிருந்து ஆமைக்கு அதுவே பெயராகிவிட்டது.

பெரியப்பா மகள் செல்விக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. எங்கள் இருவருக்கும் அந்தக் கிணற்றடியை விட்டால் வேறு உலகம் கிடையாது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்து, கார்த்திகையில் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிடும், வாளிக்குக் கயிறே தேவைப்படாது. வருடம் முழுக்க எட்டாத ஆழத்தில் கிடந்த சொல்தா அப்போதுதான் எங்களுக்கு நேருக்கு நேர் வரும். முருங்கைக்கீரையை இணுக்கோடு நீட்டினால் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, ஒரு இழுப்பு இழுக்கும். "கைய எடுங்கடி, வெரல துன்னுடப் போவுது" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். அந்த மாதங்களில் ஈசல் விளக்கைச் சுற்றி இறகை உதிர்க்கும், காலையில் அந்த இறகுகளைப் பெருக்குவதற்கு முன்பே தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து மிச்சமிருந்த ஈசல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, தங்களுக்குள் சண்டையும் போட்டுவிட்டுப் போகும்.

மார்கழிக் காலையில் இறைத்த தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், ராட்டினக் கட்டை மேல் கரிச்சான் ஒன்று வாலைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். மாசியில் முருங்கைப் பூ உதிர்ந்து தண்ணீரே தெரியாமல் வெள்ளையாக மூடிக்கிடக்கும், சொல்தா அதற்குள்ளிருந்து தலையில் இரண்டு பூவோடு எழும்பும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவது தெரியாமல் நிற்போம். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். கயிற்றோடு இன்னொரு கயிறு முடிந்து இறக்க வேண்டும், ஆமை அடியில் ஒரு கருப்புப் புள்ளியாகத் தெரியும். துவைக்கிற கல்லடியில் தேங்கிய தண்ணீருக்கு மத்தியானத்தில் அணில், மைனா, கொய்யா மரத்தடியில் மறைந்து மறைந்து வரும் செம்போத்து என்று வரிசை கட்டும். ஒரு கீரிப்பிள்ளை மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் நேராக வந்து குடித்துவிட்டுப் போகும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை, பெரியவர்களுக்கு ஷிப்டுக்குப் போகவும் சண்டை போடவுமே நேரம் சரியாக இருந்தது.

சண்டை கம்பளிப்பூச்சியில் தொடங்கியது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் முருங்கை மரத்தில் அடை அடையாகக் கம்பளிப்பூச்சி பிடிக்கும். மரம் அம்மா நட்டது, துணி காயப்போடும் கொடி பெரியப்பா வீட்டுடையது. ஒரு வருடம் பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. பெரியப்பா எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார். வீட்டுக்கு வந்த அப்பா வாயில் வந்ததையெல்லாம் பேசினார், பெரியப்பாவும் குறை வைக்கவில்லை. அத்தோடு பேச்சு நின்றது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் எல்லாச் சேதியும் எங்கள் இருவர் வழியாகத்தான் போய்வந்தது. "போய்க் கேட்டுட்டு வா", "நான் சொன்னேன்னு சொல்லு" என்பதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கால் வலித்தது. எங்களைத் தவிர எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

பொங்கல் முடிந்ததும் தெருக்காரர்கள் நாலு பேரை வைத்துத் தோட்டத்தை அளந்தார்கள். கயிறு பிடித்தபோது அது கிணற்றின் நடு வயிற்றின் மேல் போனது. கிணறு உனக்கு என்று சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. தெருவில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் இனி கிணறு எதற்கு, கம்பி கட்டி கான்கிரீட் போட்டு மூடிவிட்டு அதன் மேலேயே சுவர் எழுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. மேஸ்திரி ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். "கெணத்த முழுசா அடைக்கக் கூடாது, அது மூச்சு உடணும். பைப்பு ஒண்ணு வச்சித்தான் மூடணும், இல்லன்னா குடும்பத்துக்கு ஆவாது" என்றார். எதிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும் இதில் உடனே ஒத்துப்போனார்கள். ஆனால் பைப்பு மற்றவன் பக்கம் இருந்தால் அவன் வேண்டுமென்றே அடைத்துவிடுவானோ என்று இருவருக்கும் பயம். அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆளுக்கொரு பைப்பு. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, கால் படி பாலும் ஊற்றினார்கள். கிணறு மூச்சுவிட இத்தனை ஏற்பாடு செய்தவர்களுக்கு, உள்ளே நிஜமாகவே மூச்சுவிட்டுக்கொண்டு ஒரு உயிர் இருப்பது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

நான் கேட்காமல் இல்லை. முதல் நாளே அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் உங்க பெரியப்பா எடுத்துட்டாரு, போய்ப் படி" என்றார். நம்பினேன். மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கான்கிரீட் போட்டார்கள். சாயங்காலம் திரும்பி வரும் வழியில் செல்வி, "சொல்தாவ எங்கடி வச்சிருக்கீங்க, தொட்டியிலயா?" என்று கேட்டாள். "உங்கப்பா தான எடுத்தாரு" என்றேன். "எங்கப்பா, சித்தப்பா எடுத்துட்டாருன்னு சொன்னாரே" என்றாள். தெரு நடுவில் அப்படியே நின்றோம். பிறகு பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினோம்.

கிணறு இருந்த இடத்தில் ஈரச் சாக்கு விரித்திருந்தது. மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். "ஆமையா? எட்டிப் பாத்தனே, ஒண்ணும் தெரியலியே" என்றார். எப்படித் தெரியும், மேலே கம்பி தட்டுகிற சத்தம் கேட்டதும் அது அடியில் போய் ஒளிந்திருக்கும். நான் அப்பாவிடம் அழுதேன். "இன்னும் காயலப்பா, இப்பவே ஒடச்சிடலாம்." அப்பா வெளியே வந்து பார்த்தார், யோசித்தார், முகத்தில் ஒரு தயக்கம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் நின்ற பெரியப்பாவையும் பார்த்தார். பாதிக் கிணறு அண்ணனுடையது, உடைக்க வேண்டுமானால் அவரிடம் பேச வேண்டும். "அவன்கிட்ட போய் நான் கேட்டு நிக்கணுமா?" என்றுவிட்டு உள்ளே போனார். செல்வி அவள் அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "உங்க சித்தப்பன வந்து கேக்கச் சொல்லு, ஒடைக்கிறேன்" என்றார் அவர். நாங்கள் இருவரும் இங்கும் அங்கும் எத்தனை முறை ஓடினோம் என்று தெரியாது. அவர் வந்து கேட்டால் என்றார் ஒருவர், அவரே கூப்பிடட்டும் என்றார் மற்றவர். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கான்கிரீட் இறுகிவிட்டது, அழுகையை நிறுத்தாததற்கு எனக்கு இரண்டு அறையும் கிடைத்தது.

சுவர் எழும்பியது. நாங்கள் பைப்பு வழியாக, சமையலுக்கு வாங்கிய கீரையைத் திணிக்க ஆரம்பித்தோம், அவள் அந்தப் பக்கத்திலிருந்து, நான் இந்தப் பக்கத்திலிருந்து. போட்டுவிட்டுக் காதை வைத்தால், சற்றுப் பொறுத்து, கீழே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்கும். என் பைப்பில் வாயை வைத்து "கேக்குதாடி?" என்றால், கிணற்றுக்குள் போய்ச் சுற்றிவிட்டு அவள் பைப்பில் அது கேட்கும். "கேக்குது, துன்னுது" என்று அவள் குரல் கீழேயிருந்து வரும். அந்த இருட்டில் அது என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பங்குனியில் பைப்பு வழியாகக் கொசு வருகிறது என்று அப்பா அதன் வாயில் கொசுவலைத் துணியை நான்காக மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அடைத்தால் குடும்பத்துக்கு ஆகாதே, அதனால் வலை. அதே வாரம் பெரியப்பாவும் கட்டினார், இதைக்கூட ஒருவரை ஒருவர் கேட்காமலே செய்தார்கள். காற்று போகும், கீரை போகாது. செல்வி ஒருமுறை கம்பியைப் பிரித்து மாட்டிக்கொண்டு விளக்குமாற்றால் அடி வாங்கினாள். நான் பிரிக்கவில்லை. அடிக்குப் பயந்து பிரிக்கவில்லை. என் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. சித்திரையில் காதை வைத்துக் கேட்டபோது ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சுவர் பதினோரு வருடம் நின்றது. செல்வியின் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் போதவில்லை என்று அண்ணனும் தம்பியும் ராசியாகி, கட்டிப்பிடித்து அழுது, ஒரே காலையில் அதை இடித்துத் தள்ளினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஒரு சாயங்காலம் நாலு எட்டு எடுத்து வைக்க முடியாதவர்களுக்குப் பந்தல் என்றதும் கால் எப்படி வந்தது என்றுதான் தோன்றியது. பிறகு இரண்டு பைப்பையும் தரைமட்டத்துக்கு வெட்டி, வண்டி நிறுத்த வசதியாகத் தோட்டம் முழுக்க டைல்ஸ் போட்டார்கள். கொய்யாவும் வாழையும் போயின. பிறகு போட்ட போர்வெல்லில் தண்ணீர் உப்பாகி, கோடையில் டேங்கர் லாரி வருகிறது. கரிச்சான் இல்லை, செம்போத்து இல்லை. தவளை எப்படிக் கத்தும் என்று கேட்கிற என் மகளுக்கு நான் போனில் போட்டுக் காட்டுகிறேன்.

போன மாதம் மகளோடு அங்கே போயிருந்தேன். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்திருக்கையில் நான் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டேன். "சொல்தாவ யாருப்பா எடுத்திருக்கணும்?" பெரியப்பா சிரித்தார். "இன்னும் அதையா நெனச்சிக்கினு இருக்க?" என்றார். "அப்ப இருந்த கோவத்துல யாருக்கும்மா அது ஞாபகம் வந்துது" என்றார் அப்பா. பொய். இரண்டு பேரிடமும் அன்றைக்கு மாற்றி மாற்றிப் போய் ஞாபகப்படுத்தியது நான்.

கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் பாதித் தண்ணீர், தண்ணீரில் நாலு ரோஜா இதழ், நடுவில் வடக்கே பார்த்தபடி ஒரு பித்தளை ஆமை. வாஸ்துவுக்கு நல்லது என்று என் தம்பி வாங்கி வைத்ததாம். மகள் அதைத் தொடப் போனதும் அப்பா காப்பியை வைத்துவிட்டுப் பதறி எழுந்து வந்தார். "பாத்தும்மா, தண்ணி தளும்பிடப் போவுது. தெனம் காலையில நான்தான் மாத்தறேன், ஒரு நாள் கூடக் காய உட்டதில்ல" என்றார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கிணறு இருந்த இடமாகப் பார்த்துக் கவிழ்த்தேன். தண்ணீர் டைல்ஸ் மேல் ஓடிச் சாக்கடைக்குப் போனது, பித்தளை ஆமை மட்டும் மல்லாந்து கிடந்தது. பெரியப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பின்னாலேயே வந்த அப்பா குனிந்து ஆமையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.