கயிற்றுக்காரி சிரிக்க மாட்டாள்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, டிவியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே மழையில் வைத்துவிடலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியது. தேவாலாவில் மழை பிடித்துக்கொண்டால் எங்கும் போக முடியாது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டின் தகரக் கூரைமேல் அது விழுகிற சத்தத்தில், வால்யூமைக் கடைசி வரை ஏற்றினாலும் பாதி வசனம்தான் காதுக்கு வரும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாகக் கரண்ட் இருந்தது. இருந்த ஒரே அறையில் நான், அம்மா, அக்கா, எதிர்வீட்டுப் பெரியம்மா நான்கு பேரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நானும் அக்காவும் உயிராக நினைத்த ஒரு புத்தகம் படமாகி, தமிழ் டப்பிங்கில் வந்துகொண்டிருந்தது.

புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ரசிகர்கள் கமெண்டில் வந்து என்னை வறுத்தெடுப்பார்கள். நானும் அதே கூட்டம்தான், எனக்குத் தெரியாதா. அக்கா கூடலூரில் காலேஜ் முதல் வருஷம் படித்தபோது ஒரு பழைய புத்தகக் கடையில் பிடித்த தடித்த மொழிபெயர்ப்பு நாவல் அது. எங்கள் பக்கம் ஆறு மாதம் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் அவள் அதை அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில், ஈரச் சாக்ஸுகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பனிப் பாலைவனத்தில் நடக்கும் அத்தியாயத்தைத் திறந்தாலும் எங்கள் பிரதியில் விறகுப் புகை வாசம்தான் அடிக்கும்.

அதில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வரும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஒரே வழி, கயிற்றில் தொங்கும் கூடை. அதை இழுக்கும் சக்கரம் இந்தக் கரையில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சுற்றுகிறவள் கயிற்றுக்காரி. இளவரசன், மந்திரவாதி, வாள் தூக்கிய அத்தனை வெத்துவேட்டுகளும் அவள் சுற்றித்தான் அக்கரைக்குப் போவார்கள். அவள் மட்டும் போக முடியாது. குள்ளம், சடைபிடித்த முடி, எப்போதும் பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டிருப்பாள், வாயைத் திறந்தால் வசவு. கூடையில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பாள்: நான் போக வேண்டுமென்றால் யார் சுற்றுவது? இளவரசன் வானத்தைப் பார்ப்பான். மந்திரவாதி ஆசீர்வாதம் செய்வான். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் துணி ஊறவைக்கும் பேசினுக்குள் இளவரசனாக உட்கார்ந்துகொள்ள, அக்கா கையில் நிஜ வெங்காயத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போது அது ஜோக்.

பிறகு அம்மா எஸ்டேட் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். எஸ்டேட் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லைன் வீடு நம்முடையது இல்லை, வேலையுடையது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலைக்குப் போனால் வீடு இருக்கும். பேர் இல்லையென்றால் அடுப்பு, பாத்திரம், டிவியோடு சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அப்பா முன்பே இறந்துவிட்டார். கீழே சமவெளியில் எங்களுக்கு ஒரு சொந்தக்காரரும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடம். அக்கா இரண்டாம் வருஷத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேர் கொடுத்தாள். தம்பி படித்து முடிக்கிற வரைக்கும்தான் என்று பேச்சு. அந்தப் பேச்சை அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் பள்ளியை முடித்து, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து டிகிரியும் முடித்தேன். அவள் விடிந்தால் கொழுந்து பறிக்கப் போனாள், திரும்பி வந்து கால் விரல் இடுக்கிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டாள்.

படத்துக்கு வருகிறேன். கயிற்றுக்காரியை அவர்கள் ஐந்தரை அடிக்கு வளர்த்திருந்தார்கள். முடி ஷாம்பு விளம்பரம் மாதிரி பறக்கிறது. வெங்காயம் காணோம், கையில் ஒரு வெள்ளைப் பூ. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பாட்டு வேறு. அதுவரை பொறுத்துக்கொண்டேன். இளவரசன் கூடையில் ஏறியதும், இதோ கேட்கப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அவன் கன்னத்தைத் தொட்டு, கண் கலங்கச் சிரித்து, “நீ போய் வா. எனக்கு இந்தக் கரையே போதும்” என்றாள்.

“அடப்பாவிகளா, இவ இப்படிச் சொல்லவே மாட்டா” என்று கத்திவிட்டேன்.

“சித்த பேசாம இருடா, பாட்டு போயிரும்” என்றார் பெரியம்மா.

“பெரியம்மா, புக்குல இவ பாடவே மாட்டா. வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான்.”

“அப்படி ஒருத்திய எவன் காசு குடுத்துப் பாப்பான்? காலேஜு படிச்சியே, இதுகூடத் தெரியல.”

சரியான பாயிண்ட். யாரும் பார்க்க மாட்டார்கள். யோசித்தால் கதையில் பெரிதாக எதையும் அவர்கள் மாற்றவில்லை. அதே பள்ளத்தாக்கு, அதே சக்கரம், அதே பெண் இந்தக் கரையிலேயே நிற்கிறாள். கேள்வியை எடுத்துவிட்டுச் சிரிப்பை வைத்தார்கள், அவ்வளவுதான். அது ஒன்று போதும். புத்தகத்தில் இளவரசனைப் பார்த்தால் நமக்கே கூசும். படத்தில் அவன் நல்லவனாகிவிட்டான். அவள் சிரித்துவிட்டால் கூடைக்குள் இருக்கிறவனுக்கு நிம்மதி.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம பெரியவளாட்டமே இருக்கா பாருங்க. ஒரு நாளாச்சும் மூஞ்சியக் காட்டியிருப்பாளா? இவளுக்கும் இந்தக் கரையே போதும்.”

அக்கா சுவரில் சாய்ந்து, தேயிலைக்குள் நடக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஏதோ சொன்னாள். கூரைச் சத்தத்தில் கேட்கவில்லை.

“என்ன கண்ணு?” என்றார் அம்மா.

“எனக்குப் போதாதுன்னு சொன்னேன்.”

மழை மட்டும் இல்லையென்றால் முதல் தடவையே கேட்டிருக்கும், அதை ஏதாவது பேசி மழுப்பியிருப்போம். இரண்டாவது தடவை அவள் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சத்தமாகச் சொல்லிவிட்டதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த அறையில் இடமில்லை. வெளியே போகலாம் என்றால் மழை. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. நான்கு பேரும் அதை அவ்வளவு கவனமாகப் பார்த்தோம்.

“அப்பறம் ஊடு?” என்றார் அம்மா, கடைசியில்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நான் சேர வேண்டும். புதுப் பை வாங்கி, டேக்கூடக் கிழிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

“நான் பேர் குடுக்கறேன்” என்றேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டிய அளவுக்கு அந்த அறை இறுகிவிட்டது, அவ்வளவுதான்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீயா? அட்டை கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடறவன். மேஸ்திரி உன்னையத் தோள்ல தூக்கிட்டுத்தான் திரியோணும்.”

நானும் சிரித்துவைத்தேன். அக்கா ஊசியைப் படங்கில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“சிரிச்சுட்டே சொல்லாதடா. சிரிச்சுட்டுச் சொன்னா நான் நம்ப மாட்டேன். எத்தன நாளைக்கு?”

“தெரியல.”

“கோயம்புத்தூர் வேலை?”

“போகும். கடுப்பாத்தான் இருக்கு. ஆனாலும் குடுக்கறேன்.”

“சரி” என்றாள் அவள், ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டே. படம் எப்படி முடிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அக்காவால் விட்ட படிப்பைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன் கோர்ஸில் சேர்ந்தாள், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு. நான் ஆபீஸ் வராந்தாவில் பேர் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளும் கவாத்துக் கும்பலில் சேர்ந்தேன். முதல் வாரம் சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. லைனில் எல்லோரும் என்னைத் தங்கமான பையன் என்கிறார்கள். அக்காவுக்காக விட்டுக்கொடுத்தானாம், முகம் சுளிக்க மாட்டானாம். பெரியம்மாவே இதைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். என் கையிலும் ஒரு வெள்ளைப் பூவைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்கிற அந்த ஆள் நான் இல்லை. கூடலூர் பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. கூடப் படித்தவன் போடுகிற ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுப் போனை மெத்தைமேல் எறிகிறேன். தரையில் எறிந்தால் வேறு போன் கிடையாது.

இதையெல்லாம் கேட்கிற ஒரே ஆள் அக்காதான். போன் செய்தால் சாப்பிட்டியா என்று ஆரம்பிக்க மாட்டாள். “இன்னிக்கு என்ன கடுப்பு, சொல்லு” என்பாள். நான் கொட்டுவேன். நன்றி, தியாகம் என்றெல்லாம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாதியில் நிறுத்தியதும் இல்லை. கோர்ஸ் முடிந்ததும் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்து அம்மாவையும் என்னையும் இறக்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளும் சிரிக்கவில்லை. அதனால் நம்புகிறேன், பாதி நாள்.

அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. நாளைக்கு எனக்கு மேல்காட்டில் கவாத்து.