அப்பாவை அளந்த நாள்

எங்கள் கிடங்கில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவரைக் கட்டையர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் வைத்தவன் யாரோ, பொருத்தமாக வைத்திருக்கிறான். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். அகலத்தில் மட்டும் ஆண்டவன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மற்றவர்கள் முக்கி முனகி ஒரு மூட்டை ஏற்றுவதற்குள் அவர் இரண்டை ஏற்றிவிட்டு முகம் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் அங்கே வேன் ஓட்டுகிறவன். அவர் வீட்டுக் கதையில் பாதி என் வேனில் நடந்தது. மீதியை அவரே சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரியும், அவருக்கு எரியாது.

அவருக்கு ஒரே மகள். பதினோரு வயதிலேயே அப்பாவின் உயரத்தை எட்டிப் பிடித்துவிட்டாள். வாலிபால் ஆடினால் பார்க்கிறவர்கள் நகரமாட்டார்கள். விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைப் பொறுக்க வந்த கோச் அவளைப் பிடித்துக்கொண்டார். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஆடினால் பின்னால் வேலையும் கிடைக்கும். அந்த இடம் மகளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று கட்டையர் தவம் கிடந்தார். மூட்டை வாடை இல்லாமல் அவள் வாழ அது ஒன்றுதான் வழி என்று நம்பினார்.

ஆனால் அந்தக் கோச்சுக்கு ஒரு வழக்கம். பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்கமாட்டார். பெற்றவர்களை நிற்கவைத்து அளப்பார்.

"பொண்ணு நல்லா ஆடுறா, ஒத்துக்கிறேன். ஆனா சில பிள்ளைங்க சீக்கிரமா வளர்ந்துட்டு அப்படியே நின்னுடும். ஆட்டத்தை நான் கத்துக்குடுத்துடுவேன். உயரத்துக்கு நான் எங்க போறது? அது அப்பா அம்மா குடுக்கணும். ரெண்டு பேரும் வாங்க, அளந்துட்டுச் சொல்றேன்."

அன்று வீட்டில் கட்டையரின் மனைவி நேராகவே பேசினார். "நீங்க போய் நின்னீங்கன்னா அவ கதை அங்கேயே முடிஞ்சுது. எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன்."

"மாமன் எப்படி அப்பன் ஆவாரு?"

"அவ மாமனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. எங்க வீட்டு ரத்தமும்தானே அவ உடம்புல ஓடுது? இதுல என்ன பொய்?"

பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பொய் சொல்ல அந்த அம்மாவிடம்தான் படிக்கவேண்டும். அவருடைய அண்ணன் துணிக்கடையில் வேலை செய்கிறவர். மேல் தட்டுத் துணியை ஏணி இல்லாமல் எடுப்பார். கிடங்கில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.

நான்தான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். தாயும் மகளும் ஒட்டடைக்குச்சியும் உள்ளே போனார்கள். கட்டையர் வேனில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கோச் மாமனை அளந்தார், அம்மாவை அளந்தார், ஏதோ கூட்டிக் கழித்தார். பெண் நெட்டுக்கு மேல் கை நீட்டுகிற அளவுக்கு வளர்வாள் என்று கணக்கு சொன்னது. இடம் கிடைத்தது. கட்டையர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விடுதியில் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் பிள்ளையைப் பார்க்க முடியாது. ஒருமுறை அப்பா ஆனவர் ஆனவர்தான். பார்க்கிற நாளில் மாமன் உள்ளே போவார், கட்டையர் வேனிலேயே இருப்பார். மச்சான் திரும்பி வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வளர்ந்துட்டாளா?"

வளரவில்லை. வயதுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவள் உயரம் நின்றுவிட்டது. கம்பியில் தொங்கவிட்டார்கள், முட்டையும் பாலும் புகட்டினார்கள், சுவரில் கோடு போட்டு நிற்கவைத்தார்கள். கோடு அசையவில்லை. ஒருநாள் எல்லாப் பெண்களும் நிற்கையில் கோச் சொன்னார்: "அப்பன் பனைமரம் மாதிரி இருக்கான், நீ ஏன் இப்படி? உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு, அப்பன் யாருன்னு." மைதானமே சிரித்ததாம். அந்த வாயில் நெருப்பைக் கொட்டினால்தான் என் ஆத்திரம் தீரும்.

விடுமுறைக்கு வந்த மகள் அந்தப் பேச்சைக் கோச்சிடம் திருப்பிக் கொடுக்க முடியாமல் அப்பாவிடம் கொட்டினாள். "எல்லாம் உன்னாலதான். உன் குட்டை ரத்தம். என்னை ஏன் பெத்த?" கட்டையர் மறுநாள் கிடங்கில் என்னிடம் கேட்டார், "தம்பி, ரத்தத்தை மாத்துனா வளருவாங்களா? என்னோடதை எடுத்துட்டு மச்சானோடதை ஏத்த முடியுமா?" கிண்டல் செய்யத் தோன்றவில்லை எனக்கு.

பதினாறு வயதில் அவளை அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். படிப்பும் அரைகுறை. அன்றும் என் வேன்தான். மாமன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். இரும்புப் பெட்டியை அவரால் அசைக்க முடியவில்லை. வாசலைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

கட்டையர் முதல்முறையாக அந்த மைதானத்துக்குள் நுழைந்தார். நானும் படுக்கையை எடுக்கப் பின்னால் போனேன். அவர் குனிந்து, பெட்டியை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்தார். பக்கத்துக் கொட்டகையில் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிற கோச் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டையரின் தோளைத் தொட்டுப் பார்த்தார், முழங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் குட்டைக் கையும் இந்த முதுகும் பயிற்சியால வராது. பிறப்புல வரணும். இந்த வாகுல ஒரு பொண்ணைத்தான் வருஷக்கணக்கா தேடிட்டு இருக்கேன். பத்துப் பதினோரு வயசுல என்கிட்ட வந்தா எங்கேயோ கொண்டுபோயிடுவேன். உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

வாலிபால் கோச் அருகிலேயே நின்றிருந்தார். மாமனின் முகம் வெளுத்துவிட்டது. மகள் தரையைப் பார்த்தாள். அந்தக் குட்டைக் கையும் முதுகும் அவளுக்கும் அப்படியே இருந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கட்டையர் பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"இல்ல சார்," என்றார். "நான் சாமான் தூக்க வந்த ஆளு."

மகள் மாமனோடு வேனை நோக்கி முன்னால் நடந்தாள்.