அச்சுக்குள் நின்ற பாதிப் படகு

எங்கள் பட்டறையில் செய்யும் ஒவ்வொரு படகின் பின்பக்கத்திலும் நான் என் கையால் ஒரு வரி எழுதுவேன். ‘இலங்கைத் தயாரிப்பு’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அதற்குக் கீழே பட்டறையின் தொலைபேசி இலக்கம். இந்தக் கரையில் வேறு எந்தப் பட்டறைக்காரரும் இப்படி எழுதுவதில்லை. பட்டறையில் பாதிப் பங்காளியான என் மச்சான், என் மனைவியின் தம்பி, நான் தூரிகையைத் தொட்டாலே கேட்பான்.

“அத்தான், சூடை மீனா உங்களுக்குப் போன் எடுக்கப் போகுது?”

எடுத்தால் பேசுவேன் என்பேன். வீம்புக்கு என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று என் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

சண்டை முடிந்து, கடலுக்குப் போக இருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, கற்பிட்டியில், உப்பங்கழியான களப்பின் ஓரமாக நாங்கள் இந்தப் பட்டறையைப் போட்டோம். மச்சான் துபாயில் ஒரு படகுத் தொழிற்சாலையில் வேலை பழகி வந்தவன். என்னிடம் இருந்தது ஒரு துண்டுக் காணியும் நிறைய வாயும். நாங்கள் செய்வது கண்ணாடியிழைப் படகு. ஊரில் பைபர் போட் என்போம். படகின் வடிவத்தில் ஒரு பெரிய அச்சு இருக்கும். அதன் உள்ளே மெழுகு பூசி, மாட் என்ற இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினை ஊற்றித் தேய்ப்போம். காய்ந்ததும் மேலே இன்னொரு பாய். இப்படிப் படை படையாக ஏற்றி, தடித்ததும் அச்சிலிருந்து கழற்றினால் படகு. அவ்வளவுதான், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன காலம் வந்தது. அதை வரவிடாதே, இதை வரவிடாதே என்று இறக்குமதியை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். இனி எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று வானொலியில் நாள் முழுக்கப் பேச்சு. எனக்கு அதைக் கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது. நான் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதானே இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன்.

மச்சான் ஒரு வெற்று வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, என் செலவில் ரோல்ஸைத் தின்றுகொண்டே கணக்குப் பார்க்கத் தொடங்கினான்.

“ரெசின் வெளியிலயிருந்து வருது. மாட் சீனா. எஞ்சின் ஜப்பான். நான் தொழில் படிச்சது துபாய். எங்கட எண்டு இந்தப் போட்டில என்ன கிடக்கு, சொல்லுங்கோ அத்தான்?”

“செய்யிற கை எங்கட.”

“ஓம். கையும் உங்கட வாயும் கற்பிட்டிக் காத்தும். இத மூண்டையும் வச்சு ஒரு போட் செய்து காட்டுங்கோ பாப்பம்.”

நான் ஒரு முழு ரோல்ஸை வாய்க்குள் திணித்தேன். பதில் இல்லாததால் அல்ல, பசியால் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அச்சுக்குள் ஏறியிருந்தது பள்ளிவாசல்துறை நானாவின் படகு. என்னைவிட வயதில் மூத்த முஸ்லிம் மனிதர், அண்ணன் என்பதை அவர்கள் நானா என்பார்கள். நல்ல கடலோடி. அவருக்கு இது எங்களிடம் இரண்டாவது படகு. முதலாவது படகு போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதற்கு முந்திய வருடம் வாடைக் காற்று வீசிய நாட்களில், கூட்டாளி காய்ச்சலில் படுத்ததால் நானா தனியாகக் கடலுக்குப் போனார். எஞ்சின் நின்றது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகை மேற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டன. மழைத் தண்ணீரைக் குடித்து, பச்சை மீனைத் தின்று, கடைசியில் மாலைதீவு மீன்பிடிக்கப்பல் ஒன்றின் கண்ணில் பட்டார். கடல் கொந்தளித்ததால் அவர்கள் ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். படகைக் கட்டி இழுக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். “கண்ணுக்கு மறையிற வரைக்கும் பாத்துக்கொண்டே நிண்ட நான், தம்பி” என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கப்பலில் அவருடைய கையில் போனைக் கொடுத்து, வீட்டுக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு மனைவியின் இலக்கம் நினைவில் இல்லை! அது நனைந்து செத்துப்போன அவருடைய போனுக்குள் இருந்தது. ஆகவே சேதி கப்பலிலிருந்து அவர்களுடைய அதிகாரிகளுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு வந்து, கற்பிட்டிப் பொலிஸுக்கு வந்து, பள்ளிவாசலுக்கு வந்து, எல்லோரும் அறிந்த பிறகு கடைசியாக அவருடைய மனைவியிடம் வந்தது. அதற்குள் ஊரில், உடல் கிடைக்காதவர்களுக்குத் தொழும் காயிப் ஜனாஸாவைத் தொழுவோமா என்று மெல்லக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கதை மட்டும் மனைவியின் காதுக்கு முதலில் போய்ச் சேர்ந்திருந்தது.

அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் அந்த மனைவிதான் தன் காப்புகளைக் கழற்றிக் கொடுத்து, எங்களிடம் இரண்டாவது படகைச் செய்யச் சொல்லவைத்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்து கடல் படியும்போது படகு தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது பேச்சு. இல்லாவிட்டால் நானா இன்னொரு வருடம் பிறத்தியார் படகில் பங்குக்குப் போக வேண்டும். அந்த வயதில் அது லேசான காரியம் இல்லை.

சரக்கு முழுவதும் கைக்கு வராமல் தொடங்க வேண்டாம் என்று மச்சான் சொன்னான். கொழும்பு வியாபாரி அடுத்த கிழமை ரெசின் வரும் என்று சத்தியம் செய்தார். நான் தொடங்கினேன். முதல் படைகள் ஏறின. பீப்பாயின் அடி தெரிந்தது. அடுத்த கிழமை வந்தது, ரெசின் வரவில்லை. அதற்கடுத்த கிழமை வியாபாரியின் போனும் வேலை செய்யவில்லை. துறைமுகத்தில் சாமான் கிடக்கிறது, எடுக்க வங்கியில் டொலர் இல்லை என்று பிறகு அறிந்தோம்.

பாதி ஏறிய படகை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மெல்லிய ஓடாக இருக்கும். கழற்றினால் நெளிந்து போய்விடும். கழற்றாவிட்டால் அச்சு அடைபட்டுக் கிடக்கும், வேறு படகு செய்ய முடியாது. எங்களிடம் இருந்தது அந்த ஒரே அச்சு. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டிய அந்தப் பொற்காலத்தில், நாங்கள் ஒன்றையும் செய்யாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. வானொலியை நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் நானாவும் ராத்தாவும் பட்டறைக்கு வருவார்கள். நானா அச்சுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார், போன கிழமை இருந்த தடிப்புத்தான் இருக்கும். ஒருநாள் ராத்தா ஒரு சிரட்டையில் தணலும் சாம்பிராணியும் கொண்டுவந்து படகைச் சுற்றிப் புகை காட்டத் தொடங்கினார். பட்டறையில் தீக்குச்சிகூட உரசக்கூடாது என்பது எங்கள் முதல் சட்டம். ரெசின் பற்றினால் ஊரே எரியும். நான் பாய்ந்தேன்.

“ராத்தா, நெருப்பு! ரெசின் பத்தும்!”

“ரெசின் எங்கரிக்குது தம்பி?” என்றார் அவர், புகையை நிறுத்தாமல். “இருந்தாத்தானே பத்தும்.”

மச்சான் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் போன பிறகும் காப்பு இல்லாத ராத்தாவின் வெறும் கை கண்ணிலேயே நின்றது.

சோளகம் முறுகி வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் பட்டறைப் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம். பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவர்கள் என நினைத்து நான் வெட்டினேன். மறுபடி அடித்தது, மறுபடி வெட்டினேன். மூன்றாவது தடவை மச்சான் பிடுங்கி எடுத்தான். கொஞ்ச நேரம் சிங்களத்தில் பேசினான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“அத்தான், சூடை மீன் எடுக்குது.”

பேசியவர் மாலைதீவுக்காரர். பிள்ளைகளின் படிப்புக்காகப் பல வருடம் கொழும்பில் இருந்தவர், சிங்களம் தண்ணீராக ஓடியது. அவருடைய தீவில் ஒரு படகு ஆளில்லாமல் பவளப்பாறையில் முட்டிக்கொண்டு நின்றதாம். அங்குள்ள அலுவலகத்தில் சொல்லிவைத்தும் தேடி யாரும் வரவில்லையாம். அவருடைய மருமகன் அதைத் தேற்றி ஒரு வருடமாக ஓட்டுகிறான், எத்தனை தடவை பாறையில் அடிபட்டாலும் விரிசல் விடவில்லையாம். அதே மாதிரி தனக்குச் சில படகுகள் வேண்டும், பின்பக்கத்தில் இந்த இலக்கம் எழுதியிருக்கிறது, நீங்கள்தானா செய்தது என்று கேட்டார்.

நான் உடனே நானாவுக்குப் போன் எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை பிழையான ஆளுக்குப் போனது.

அந்த மனிதர் கொழும்புக்கு வந்து, பெற்றோல் வரிசைகளைத் தாண்டி, எப்படியோ ஒரு வாடகை வான் பிடித்துக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார். நானா சுத்தமான சாறமும் தொப்பியுமாகக் காலையிலிருந்தே காத்திருந்தார். இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். இவருடைய படகுதான் அது என்று மச்சான் சொன்னதும் வந்தவரின் முகம் மாறியது. படகைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டார். அவசரமாகப் போனை எடுத்துப் படங்களைக் காட்டினார்.

படகுக்கு நீலப் பூச்சு அடித்திருந்தார்கள். என் எழுத்தை மட்டும் விட்டு, அதைச் சுற்றிப் பூசியிருந்தார்கள். நானா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“வலப்பக்கம் முன்னால, அணியத்துக்கிட்ட ஒரு ஒட்டு இரிக்கும். நான் போட்டது.”

வந்தவர் படத்தைப் பெரிதாக்கினார். ஒட்டு இருந்தது. நானா நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

“கடலுக்குள்ள தாண்டு போச்செண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிக்கிட்டிருந்தன்” என்றார். “நல்லா வச்சிருக்காங்க. என்னயக் காப்பாத்தின சனத்துட்ட அது இரிக்கட்டும், தம்பி. அவருக்குச் சொல்லுங்க.”

நான் சிங்களத்தில் சொன்னேன். அந்த மனிதர் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த இடத்தில் மச்சான், துபாயில் படித்தவன் அல்லவா, அவரிடம் சிங்களத்தில் கணக்கைத் தொடங்கினான்.

“உங்கட படகுகள் செய்யிறதுக்கு இந்த ஒரு அச்சுத்தான் இருக்கு. அதுக்குள்ள இவரின்ட படகு பாதியில நிக்குது. இது முடிஞ்சு வெளிய வந்தால்தான் உங்கடது உள்ள போகும். இத முடிக்க ரெசின் இல்லை.”

வந்தவர் அச்சையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். ரெசினும் மாட்டும் தானே அனுப்புவதாகவும், முதல் பீப்பாய் நானாவுக்கு என்றும் சொன்னார். சொன்ன மாதிரியே கப்பலில் வந்தது. அந்தப் பீப்பாய்களைக் கண்டபோது எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்றைக்கு இரவு பல மாதங்களுக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று என் மனைவி சாட்சி சொல்வாள்.

காய்ந்த படையைச் சுரண்டி, மேலே புதுப் படைகள் ஏற்றினோம். கழற்றும் நாளில் ஓரங்களில் ஆப்பு வைத்துத் தட்டி, இடுக்கில் தண்ணீர் விட்டோம். படகு ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு அச்சை விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று நானா சத்தமிட, நான் மாதாவே என்றேன். மச்சான் மட்டும் அடுத்த படகுக்கு மெழுகு எடுக்கப் போய்விட்டான்.

நாமே செய்ய வேண்டும் என்பதை நான் இன்றைக்கும் விடவில்லை. அது நல்ல எண்ணம்தான். ஆனால் படலையைப் பூட்டிவிட்டு உள்ளேயிருந்து எவ்வளவு நாளைக்குச் சமைக்க முடியும்? உப்பளங்கள் நிறைந்த புத்தளத்துக்காரனுக்கு உப்புத் தீராது, சரி. மற்ற எல்லாம் முடிந்துபோகிறதே! நான் நம் கடலுக்கென்று செய்த படகு, சுங்கத்துக்கும் சொல்லாமல் எனக்கும் சொல்லாமல் தானாக ஏற்றுமதியாகிப் போய், ரெசினைத் தேடி அனுப்பியது. இதை மச்சானிடம் ஒத்துக்கொண்டேன். அவன் அதன் பிறகு சூடை மீனைப் பற்றிக் கேட்பதில்லை என்பதில் எனக்கும் ஒரு வெற்றி உண்டு.

சோளகம் ஓய்ந்தது. படகை இறக்குவதற்கு முன் வழக்கம்போலப் பின்பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதி, கீழே இலக்கத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன். நானா பக்கத்தில் வந்து குந்தினார்.

“நம்பரக் கொஞ்சம் பெருசா எழுதுங்க தம்பி. இது எங்க போய்ச் சேருமோ தெரியா.”

எல்லோரும் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படகுக்குக் கிட்ட வந்தார்.

“என்ட நம்பரயும் கீழ எழுதுங்க” என்றார். “இந்தாளுக்கு அது இன்னும் மனப்பாடமில்ல. அடுத்த முற காணுற ஆக்கள் எனக்கு முதல்ல சொல்லட்டும்.”

அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். பக்கத்தில் குந்தியிருந்த நானா, அதைத் தனக்குள் மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.